வைட்பீல்டு யாருடைய ஊர்?

திங்கள்தோறும் இப்பகுதியில் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றை எழுதி வருகின்றோம். இத்திங்களுக்குரிய பொருளை எமக்குத் தந்தவள் நான்காம் வகுப்பிற் படிக்கும் எம் மகள்.

பள்ளியில் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தனர். அவள் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள எம் தந்தையார் ஊரைப் பற்றி எழுதினாள். கோடை விடுமுறையில் பத்து நாள் அவ்வூரில் இருந்தவள் அவள். மாந்தோப்பு, கிணறு, மாரியம்மன் திருவிழா எல்லாம் அக்கட்டுரையில் இடம்பெற்றன. ஆசிரியை அதைப் படித்துப் பாராட்டிவிட்டு, “நீ வசிக்கும் ஊரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வா, அம்மா” என்று சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வந்த குழந்தை, “அப்பா, வைட்பீல்டு நம்ம ஊரா? அதைப் பற்றி என்ன எழுதுவது?” என்று கேட்டாள்.

நாம் விழித்தோம். காடுகோடியில் வாடகை வீட்டில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் காலையில் வைட்பீல்டு நிலையத்தில் ரயிலேறி அலுவலகம் செல்கின்றோம். இரவில் அதே நிலையத்தில் இறங்குகின்றோம். அந்நிலையத்தின் பெயரை எழுத்தர் வேலையில் ஆயிரம் முறை எழுதியிருப்போம். ஆயினும் அப்பெயர் எங்கிருந்து வந்தது, அவ்வூரை யார் அமைத்தார், அதில் யார் வாழ்ந்தார் என்று ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. குழந்தையின் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நாம் அறிந்துகொண்டவற்றை நம் அன்பர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். வெள்ளைக்காரர் வாழ்ந்த வயல் ஆதலால் வைட்பீல்டு என்று பெயர் வந்தது என்பாரும் உளர். வெள்ளை மண் இருந்ததால் அப்பெயர் என்பாரும் உளர். இரண்டும் உண்மையல்ல. வைட் என்பது ஒரு மனிதரின் பெயர். டேவிட் எம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வைட் என்பது அவருடைய முழுப்பெயர். அவர் சென்னையைச் சேர்ந்த யூரேசியர். தந்தை வழியில் ஐரோப்பியக் குருதியும், தாய்வழியில் இந்தியக் குருதியும் கலந்த மக்களை அந்நாளில் யூரேசியர் என்றனர். பின்னர் ஆங்கிலோ-இந்தியர் என்றனர். நம் பாட்டிமார் ‘சட்டைக்காரர்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களே இவர்கள்.

பெயர் பிறந்த கதையைச் சொல்வதற்கு முன், அம்மண்ணின் பழைய கதையைச் சொல்லவேண்டும். ஏனெனில், குடியேற்றம் நிகழ்ந்த இடத்தை வெற்றுநிலம் என்று எண்ணிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கே அது வெற்றுநிலம் அன்று. காடுகோடி, பட்டந்தூர், நல்லூரள்ளி, இம்மடியள்ளி, அகதூர், வர்த்தூர் என்று சுற்றிலும் ஊர்கள் இருந்தன. ஊருக்கோர் ஏரியும், ஏரிக்கோர் காவல் தெய்வமும் இருந்தன. காடுகோடியிலுள்ள காசி விசுவேசுவரர் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உளது. அது முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது, கி.பி. 1043ஆம் ஆண்டினது. அப்பகுதித் தலைவன் ஒருவன் காடழித்துப் பட்டந்தூரில் ஏரி வெட்டி, மதகு அமைத்து, துர்க்கை, க்ஷேத்திரபாலர், கணபதி ஆகிய தெய்வங்களை நிறுவிய செய்தி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது.

இச்செய்தியைப் படித்தவுடன் எம் நெஞ்சு சற்றே நிமிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாம் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும் தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஆயிரம் ஆண்டுக்கு அணித்தான ஒரு தமிழ் எழுத்து நிற்கின்றது! ஆனால் உடனே மற்றோர் எண்ணமும் தோன்றிற்று. கல்லில் எழுதப்பட்டது ஏரியை அமைத்த தலைவனின் செயல். மண்ணைச் சுமந்து கரை கட்டியவர் எத்தனை பேர், அவர் பேசிய மொழி யாது, அவர் குடிசைகள் எங்கிருந்தன என்பதைக் கல் சொல்லவில்லை. எழுதப்படுவோர் சிலர், சுமப்போர் பலர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நம்மைத் தொடர்ந்து வரும்.

இனி வைட் அவர்களின் கதைக்கு வருவோம். யூரேசிய மக்களின் நிலை அந்நாளில் இரங்கத்தக்கதாக இருந்தது. ஆங்கிலேயர் இவர்களைத் தம்மவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தியரும் தம்மவராக எண்ணவில்லை. இவர்களுக்கு நிலமில்லை, குலத்தொழில் இல்லை. ரயில்வேயிலும் தந்தித் துறையிலும் சுங்கத்திலும் கிடைக்கும் சம்பளமே வாழ்வு. ஆங்கிலம் கற்ற பிற இந்தியர் பெருகப் பெருக, அவ்வேலைகளும் அரிதாயின. இந்நிலையில் 1879ஆம் ஆண்டு சென்னையில் இவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. அதற்குத் தலைமை தாங்கியவர் வைட். “கூலிக்கும் சம்பளத்துக்கும் கைகட்டி நிற்பதை விடுத்து, நம் மக்கள் சொந்த நிலத்தில் உழுது வாழவேண்டும்” என்பதே அவர் கொள்கையின் சாரம்.

நிலத்துக்கு எங்கே போவது? 1881ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மைசூர் நாட்டை மீண்டும் அரச குடும்பத்தாரிடம் ஒப்படைத்தனர். பத்தாம் சாமராஜ உடையார் அரியணை ஏறினார். மறு ஆண்டே, 1882இல், பெங்களூருக்குக் கிழக்கே 3,900 ஏக்கர் நிலத்தை அச்சங்கத்தின் குடியேற்றத்துக்காக மகாராஜா வழங்கினார். அந்நிலத்தில் எழுந்த சிற்றூர்களுள் ஒன்று வைட்பீல்டு, மற்றொன்று சாஸ்மண்டு. நிலத்தை வாங்கித்தர முயன்றவரின் பெயர் ஊருக்கு நிலைத்தது.

அவ்வூரை அமைத்த முறை புதுமையானது. நம் ஊர்கள் கோயிலைச் சுற்றித் தேரோடும் சதுரத் தெருக்களாக அமைவன. வைட்பீல்டோ வட்ட வடிவில் வரையப்பட்டது. நடுவில் அனைவர்க்கும் பொதுவான பசும்புல் வெளி. அதனைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை. சாலையை நோக்கிய வீடுகள். அவற்றுக்குப் பின்னே தோட்டங்கள். உள்வட்டம் என்று அதற்குப் பெயர். அதற்கும் அப்பால் வெளிவட்டம். இன்றும் அங்குச் செல்வோர் ‘இன்னர் சர்க்கிள்’, ‘அவுட்டர் சர்க்கிள்’ என்னும் பெயர்களைக் காணலாம். ஓட்டுக் கூரையும் முன்தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகளிற் பல போயின. மரங்களும் வட்டமும் நிற்கின்றன. 1886இல் எழுந்த நினைவுத் தேவாலயமும் அவ்விடத்தே உள்ளது.

ரயில்வே ஊழியராகிய நாம் ஒரு சிறு செய்தியை இங்கே சேர்த்துக்கொள்கின்றோம். சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1864ஆம் ஆண்டு. ஆகவே வைட்பீல்டு என்னும் ஊர் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதன் அருகே ரயில் ஓடத்தொடங்கிவிட்டது. நிலையத்துக்கு ஊரின் பெயர் வந்தது. ஆனால் ஊர் நிலையத்துக்கு ஏறத்தாழ இரண்டு மைல் தெற்கே இருக்க, நிலையம் காடுகோடியில் இருக்கின்றது. உழுது வாழ்ந்தவரின் ஊருக்குப் பெயர்ப்பலகை இல்லாமற் போய், புதிதாக வந்த ஊரின் பெயரே பலகையில் ஏறியது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மெட்ரோ ரயில் வந்தபோதுதான் ‘வைட்பீல்டு (காடுகோடி)’ என்று இரு பெயரும் சேர்ந்து அதன் நிலையத்துக்கு இடப்பட்டன. இதனை நாம் ஒரு சிறு நீதி என்றே கருதுகின்றோம்.

உழவர் ஊராக எண்ணிய வைட்பீல்டு உழவர் ஊராயிற்றா? இல்லை. அது மழையை நம்பிய மேட்டு நிலம். ராகி விளையும் பூமி. உழவு என்பது புத்தகத்தில் படித்துக் கற்பதன்று. தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏறுவது. குடியேறியவரில் ஓய்வூதியம் பெறும் முதியவர் பலர். அவர்களுக்கு மாதந்தோறும் பணம் வந்தது. ஆதலின் பஞ்சம் இல்லை. ஆனால் இளைஞருக்கு நிலம் சோறு போடவில்லை. அவர்கள் ரயில்வேக்கும், தந்திக்கும், கோலார்த் தங்கவயலுக்கும் வேலை தேடிச் சென்றனர். சம்பள வாழ்வை விட்டு நிலத்துக்கு வரவேண்டும் என்று தொடங்கிய ஊரிலிருந்து, நிலத்தை விட்டுச் சம்பளத்துக்கே பிள்ளைகள் திரும்பினர். முதியவர் வாழும் அமைதியான ஊராக வைட்பீல்டு நின்றது.

இதைப் படித்து நாம் சிரிப்பதற்கில்லை. எம் தந்தையாரும் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டுத்தான் பெங்களூர் வந்தார். நாம் மெட்ரிக் தேறி எழுத்தராயினோம். நம் சங்கத்திலுள்ள குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வேலூர், தருமபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கத்து நிலங்களை விட்டு வந்தவர் எத்தனை பேர்! தங்கவயலில் பிறந்து, 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் இங்கு வந்தவர் எத்தனை பேர்! வானம் பொய்த்தால் சம்பளத்தை நாடுவது எல்லா மக்களுக்கும் பொதுவான வழியே.

உள்வட்டத்தில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர் நடத்திய ‘வேவர்லி இன்’ என்னும் விடுதியைப் பற்றி ஒரு கதை உண்டு. 1896ஆம் ஆண்டு முதல் சில காலம் பெங்களூரில் படைவீரராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அவ்விடுதிக்கு வருவார் என்றும், விடுதிக்காரரின் மகளிடம் மனம் வைத்தார் என்றும் சொல்வர். சர்ச்சில் பெங்களூரில் இருந்தது உண்மை. மற்றது செவிவழிக் கதை; உறுதியான சான்று காட்டுவாரை நாம் கண்டிலோம். ஆயினும் வைட்பீல்டைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இக்கதையையே முதலில் எழுதுகின்றனர். ஏரி வெட்டிய செய்தி கல்லில் இருக்க, அதை விடுத்து, பெருமகன் ஒருவன் வந்து போனான் என்பதையே ஊரின் வரலாறாக எண்ணுவது முறையாகாது.

இனி மக்கள் தொகைக்கு வருவோம். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பெங்களூர் நகரில் 69,447 பேரும், கண்டோன்மெண்டு என்னும் தண்டுப் பகுதியில் 89,599 பேரும் இருந்தனர். இரண்டும் சேர்ந்து 1,59,046. அந்தத் தண்டுப் பகுதியில் தமிழ் மக்கள் பெருந்தொகையினர் என்பது நம் அன்பர்கள் அறிந்ததே. இவற்றோடு ஒப்பிட்டால் வைட்பீல்டின் வட்டத்துக்குள் இருந்தோர் ஒரு தெருவுக்கும் காணமாட்டார். எனினும் அச்சிலரின் பெயரே ஊரின் பெயர். அவர் வீட்டில் சமைத்தவர், மாடு மேய்த்தவர், கிணற்றில் நீர் இறைத்தவர், அவருக்காக ராகி விதைத்து அறுத்தவர் ஆகியோர் சுற்றியிருந்த ஊர்களில் வாழ்ந்து, அவ்வூர்க் கணக்கிலேயே எழுதப்பட்டிருப்பர். பகலில் அவர் உழைத்த ஊர் ஒன்று. கணக்கில் அவர் இருந்த ஊர் மற்றொன்று.

இவ்வாறு நாம் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நாள் காலை வைட்பீல்டு நிலையத்துப் பிளாட்பாரப் பெஞ்சியில் ஒரு முதியவரைச் சந்தித்தோம். தொப்பியும் கைத்தடியுமாக இருந்தார். ரயில் எஞ்சின் ஓட்டுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எம் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்களும் நம்ம ரயில்வேயா?” என்று தண்டுப் பகுதித் தமிழில் கேட்டார். பேச்சு வளர்ந்தது. அவருடைய பாட்டனார் வைட்பீல்டில் நிலம் பெற்றுக் குடியேறியவராம்.

“ஐயா, உங்கள் பாட்டனார் ஏர் பிடித்தாரா?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “ஒரு வருஷம் பிடித்தாராம். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாராம். உழுதது எல்லாம் உங்க பக்கத்து ஆளும், இந்த ஊர்க் கவுடரும்தான். நாங்கள் ஊருக்குப் பேர் வைத்தோம். ஊரை நடத்தியவர் அவர்கள். தாத்தாவே அப்படித்தான் சொல்லுவார்.”

அவருடைய உடன்பிறந்தார் மூவரும் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுவிட்டனராம். பிள்ளைகள் கனடாவில் இருக்கின்றனராம். “நீங்கள் ஏன் போகவில்லை, ஐயா?” என்றோம். “இங்கே எனக்கு ராகி முத்தை கிடைக்கும், சாயங்காலம் பேச ஆள் கிடைக்கும். அங்கே என்ன கிடைக்கும்?” என்றார்.

அம்மக்கள் பெருவாரியாக வெளியேறியதற்குக் காரணங்கள் உண்டு. 1947க்குப் பின் தமக்கு இந்நாட்டில் இடமிருக்குமோ என்ற அச்சம் எழுந்தது. அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு, ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்தித் துறைகளில் அவர்களுக்கிருந்த தனி ஒதுக்கீட்டை உடனே நீக்கிவிடவில்லை. முதல் இரண்டாண்டுகள் அதனை அப்படியே வைத்து, பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்தாண்டுகளின் முடிவில் அறவே நிறுத்தியது. 1960இல் அது முடிந்தது. பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறின. வீடுகளும் நிலங்களும் கைமாறின.

வைட்பீல்டுக்கு மட்டும் நேர்ந்த கதையன்று இது. இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தில், 1933ஆம் ஆண்டு எர்னஸ்ட் திமோத்தி மெக்லஸ்கி என்பவர், ராட்டு அரசரிடமிருந்து 10,000 ஏக்கர் நிலம் பெற்று, தம் ஆங்கிலோ-இந்திய மக்களுக்கென மெக்லஸ்கிகஞ்சு என்னும் ஊரை அமைத்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே குடியேறின. அவ்வூருக்கும் ரயில் நிலையம் உண்டு. அங்கும் உழவு நிலைக்கவில்லை, பிள்ளைகள் வெளியேறினர், விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே எஞ்சின. நமக்கென ஓர் ஊர் வேண்டும் என்ற ஆசையில் பிழையில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அவ்வூரில் வேலை வேண்டும். அக்கம்பக்கத்தாரோடு உறவு வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஊர் அமைத்தவரின் காலத்தோடு தளர்ந்துவிடும்.

வைட்பீல்டுக்கு மட்டும் மறுவாழ்வு வந்தது. வேறு வழியில் வந்தது. 1990களில் சிங்கப்பூரின் கூட்டுடன் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. கணிப்பொறி நிறுவனங்கள் வந்தன. அடுக்குமாடிகள் எழுந்தன. 2007இல் பெங்களூர் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது இப்பகுதியும் மாநகரோடு சேர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாநகராட்சியின் மக்கள் தொகை 84 இலட்சம். பழைய உள்வட்டம் அப்பெருங்கடலின் நடுவே ஒரு சிறு தீவாக நின்றது. வட்டத்துக்கு வெளியே ‘வைட்பீல்டு’ என்று சொல்லிக்கொள்வோர் தொகை பெருகிற்று. வைட் யார் என்று அறிந்தோர் தொகை சுருங்கிற்று.

இப்போது எம்மைத் திடுக்கிடச் செய்த ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 331ஆம் பிரிவின்படி ஆங்கிலோ-இந்தியர் இருவரை மக்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை நீட்டிக்காமல் விட அரசு முடிவு செய்தபோது, 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியா முழுவதும் ஆங்கிலோ-இந்தியர் 296 பேரே என்று நாடாளுமன்றத்திற் கூறப்பட்டது. அச்சமூகத்தார் இதை ஒப்பவில்லை. தம் மக்கள் இலட்சக்கணக்கில் உளர் என்றனர். ஆயினும் 2020 ஜனவரி 25ஆம் நாளோடு அந்நியமன ஏற்பாடு முடிவுற்றது.

நாடு முழுவதும் 296 என்பது எவ்வாறு நிகழ்ந்தது? முதியவரிடம் இதைக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. “கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தார், தம்பி. மதம் கேட்டார், சொன்னேன். பட்டியல் வகுப்பா என்று கேட்டார், இல்லை என்றேன். தாய்மொழி கேட்டார், ஆங்கிலம் என்றேன். நீ எந்தச் சமூகம் என்று கேட்க அவர் தாளில் இடமே இல்லை. கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்?” என்றார்.

அன்பர்களே, கணக்கு என்பது கேட்கப்பட்ட கேள்வியின் அளவே ஆகும். எண் பொய் சொல்வதில்லை என்பர். ஆனால் எண்ணுபவன் எதனை எண்ணவில்லையோ அதனை எண் மறைத்துவிடும். இந்தியா முழுவதும் ஒரே நாளை வைத்து எடுத்த முதற் குடிக்கணக்கு 1881ஆம் ஆண்டினது. அன்று வைட்பீல்டு பிறக்கவில்லை. அப்பொழுதிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணி வந்தனர். ஏரி வெட்டியவரைக் கல் விட்டது. உழுதவரை ஊர்ப்பெயர் விட்டது. ஊருக்குப் பெயர் வைத்தவரின் பேரப்பிள்ளைகளைக் குடிக்கணக்கு விட்டது. இதனினும் பெரிய பாடம் வேறு யாது?

இப்பாடத்தை நம் வீட்டுக்கும் கொண்டுவருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னோர் 21 இலட்சத்துக்கு மேற்பட்டோர். இந்த எண்ணும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் சொன்ன விடையால் ஆனதே. நம் வீடுகளில் என்ன நிகழ்கின்றது? கணக்கெடுப்பவர் வரும் வேளையில் கதவு பூட்டியிருக்கும். அல்லது, “நாங்கள் இந்த ஊர் இல்லை, சொந்த ஊரில் எழுதிக்கொள்வார்கள்” என்று அனுப்பிவிடுவோம். சொந்த ஊரிலோ, “அவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள்” என்று விட்டுவிடுவர். இரண்டு ஊர் உடையவன் ஒரு கணக்கிலும் இல்லாதவன் ஆகின்றான்.

2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு தொற்றுநோயால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பை நடத்துவதாக 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அரசு அறிவித்தது. ஆகவே நம் அன்பர்கள் சில செய்திகளை மனத்தில் வைக்கவேண்டும்.

வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஒருவரை எழுதவேண்டும். இங்கு உழைத்து, இங்குப் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர் இங்கேயே எழுதிக்கொள்ளவேண்டும். வீட்டிலுள்ள பெண்களையும், கைக்குழந்தைகளையும், முதியோரையும் விட்டுவிடாமற் சொல்லவேண்டும். ஒரே அறையில் தங்கி வேலை செய்யும் இளைஞர் தம்மை ஒரு குடும்பமாக எண்ணாமல் இருந்துவிடுவர், அவர்களும் எழுதிக்கொள்ளவேண்டும். கணக்கெடுப்பவர் தாமே ஊகித்து எழுதிவிடாதவாறு, தாய்மொழியைக் கேட்டு எழுதச் செய்யவேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தாய்மொழியோடு, அறிந்த பிற மொழிகள் இரண்டையும் எழுத இடமிருந்தது. அத்தகைய வினா வரும்போது கன்னடம் என்று தயங்காமற் சொல்லும் தகுதியும் நமக்கு இருக்கவேண்டும். இத்தனை ஆண்டு இம்மண்ணின் நீரைக் குடித்துவிட்டு, அவ்வினாவுக்கு விடையின்றி நிற்பது நமக்குப் பெருமையாகாது. தாய்மொழிக்கு நேரே தமிழும், அறிந்த மொழிக்கு நேரே கன்னடமும் எழுதப்பட்டால் ஒன்றுக்கொன்று பகையில்லை. இவை இரண்டும் சேர்ந்ததே பெங்களூர்த் தமிழரின் உண்மைக் கணக்கு.

வட்டம் போட்டு வாழ்ந்த ஊரிலும் அம்முதியவர் ராகி முத்தை உண்டு, தமிழ் பேசி, கன்னடத்தில் காய்கறி வாங்கி, ஆங்கிலத்தில் செபம் செய்து எண்பது ஆண்டு வாழ்ந்துவிட்டார். அவருடைய சமூகம் கணக்கில் மறைந்தது, அவர் மறையவில்லை. “வைட்பீல்டு யாருடைய ஊர், ஐயா?” என்று பிரியும்போது கேட்டோம். ரயில் வந்துவிட்டது. கைத்தடியை ஊன்றி எழுந்தவர், “போகாமல் இருக்கிறவனுடைய ஊர்” என்றார்.

அன்றிரவு குழந்தையை அருகே அமர்த்தி, இவற்றையெல்லாம் அவளுக்குப் புரியும் வண்ணம் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு காடுகோடிக் கோயிலுக்குச் சென்றோம். பின் உள்வட்டத்தைச் சுற்றி நடந்தோம். பொதுவெளியின் மர நிழலில் அமர்ந்து அவள் தன் கட்டுரையை எழுதினாள். எழுத்துப்பிழைகளைத் திருத்தினோமேயன்றி ஒரு சொல்லும் நாம் சேர்க்கவில்லை. “எங்கள் ஊருக்கு இரண்டு பெயர் உண்டு” என்று அது தொடங்குகின்றது. ஏரியும், கல்லும், வட்டமும், தொப்பித் தாத்தாவும் அதில் உளர். இறுதியில், “எங்கள் வீட்டில் நான்கு பேர். நாங்களும் இந்த ஊரில் இருக்கிறோம்” என்று எழுதியிருக்கிறாள். நான்காமவர் எம் அன்னையார். அவர் திருப்பத்தூரையன்றி வேறு எதனையும் தம் ஊர் என்று இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. பேத்தி படித்துக்காட்டியபோது, “சரி, எழுதிக்கொள்” என்றார்.

நம் அன்பர்கள் தாம் வசிக்கும் பகுதியின் வரலாற்றை, அல்சூராயினும் டொம்லூராயினும் மத்திகெரேயாயினும், தம் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதி நம் சங்கத்துக்கு அனுப்பவேண்டுகின்றோம். பக்கத்து வீட்டுக் கன்னட முதியவரைக் கேளுங்கள். கோயிற் பூசாரியைக் கேளுங்கள். ஏரி இருந்த இடத்தைக் கேளுங்கள். கிடைக்கும் செய்திகளை அடுத்தடுத்த இதழ்களில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.